அணையில் இறங்கிக் குளிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீர்த்தேக்கத்துக்கு நீச்சல், படகு, மீன்பிடி என்று போகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த முறை நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, அவசியம் பதில் சொல்ல வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போயிருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் போகும் நீர்த்தேக்கத்தில் தரை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அப்படியும் "இறங்க வேண்டாம்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்ப்பதை நம்பக் கூடாதா?

நம்பலாம், ஆனால் கண்ணுக்கு எது தெரியும் எது தெரியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் சில ஆயிரம் கிருமிகள் இருந்தாலும் அது கலங்கித் தெரியாது, வாடையும் வராது. கலங்கல் என்பது பெரும்பாலும் மண்ணும் பாசியும்தான்.

அதற்காகத் தெளிவை அளப்பது வீண் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1865இல் ஆஞ்சலோ செச்சி என்ற இத்தாலியப் பாதிரியார், கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று கடலில் அளந்து பார்த்தார். இன்றும் ஏரி, நீர்த்தேக்கங்களில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகம் தீட்டிய 20 சென்டிமீட்டர் தட்டை இறக்கி அதையே செய்கிறார்கள். வழக்கமாக மூன்று மீட்டரில் மறைகிற தட்டு, மழையே இல்லாமல் ஒன்றரை மீட்டரில் மறைந்தால் பாசி பெருகத் தொடங்கியிருக்கலாம். அப்புறம், மூழ்குகிறவரைக் கரையிலிருந்து பார்க்க முடியுமா என்பதும் தெளிவைப் பொறுத்ததுதான்.

இன்னொன்று. பலகைக்குக் காரணம் கிருமியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மதகுக்குப் பக்கத்தில் இழுவை இருக்கலாம், கரையை விட்டு நாலடி வைத்ததும் ஆழம் சட்டென்று இறங்கலாம், தண்ணீர் திறந்துவிடும்போது மட்டம் மாறலாம். காரணத்தை நிர்வாகத்திடம் கேளுங்கள். தெரியும்வரை பலகை சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: கரையில் ஒட்டியிருந்த தாளில் "ஈ.கோலை 90, பாதுகாப்பானது" என்று இருந்தது. தேதி பார்த்தால் மூன்று நாளுக்கு முந்தையது. 90 என்றால் என்ன, இதை நம்பிக் குழந்தைகளை இறக்கலாமா?

தேதியைப் பார்த்தீர்களே, பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

முதலில் அந்த 90. நூறு மில்லி தண்ணீரில் ஈ.கோலை பாக்டீரியா 90 இருந்தது என்று பொருள். 1885இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டறிந்த கிருமி இது. மனிதர், மாடு, நாய், பறவை என்று வெப்ப ரத்தப் பிராணிகளின் குடலில் வாழ்வது. இதில் பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. அப்படியானால் ஏன் எண்ணுகிறார்கள்? தண்ணீரில் வயிற்றைக் கெடுக்கும் நோரோவைரஸ் இருக்கிறதா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடுவது சிரமம், செலவு. ஈ.கோலை இருந்தால் மலக்கழிவு அண்மையில் கலந்திருக்கிறது என்று அர்த்தம், மலத்தோடு வரும் மற்றவையும் கூட வந்திருக்கலாம். இதே வேலைக்கு எண்டரோகாக்கை என்ற இன்னொரு பாக்டீரியாவையும் பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு வரை சரி என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 பரிந்துரைப்படி, 30 நாள் மாதிரிகளின் சராசரி 126ஐத் தாண்டக் கூடாது, 410ஐத் தாண்டும் மாதிரிகள் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 குளியல் நீர் உத்தரவில், உள்நாட்டு நீர்நிலைக்கு 500 வரை "மிகச் சிறந்தது", 1000 வரை "நல்லது". ஐரோப்பா தாராளமாக விட்டுவிட்டதாக இதைப் படிக்காதீர்கள். அவர்கள் சொல்வது சராசரியை அல்ல, 95 சதவீத மாதிரிகள் எந்த எண்ணுக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதை. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் நீருக்கு எண்ணுவது மலக் கோலிஃபார்ம் என்ற சற்றுப் பெரிய கூட்டத்தை: விரும்பத்தக்கது 500, உச்ச வரம்பு 2500. ஓர் எண்ணைப் பார்த்ததும் எதை எண்ணியது, எந்த விதிப்படி சொல்வது என்று கேட்காமல் இன்னொரு இடத்தோடு ஒப்பிடக் கூடாது.

"பாதுகாப்பானது" என்ற சொல்லையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். அமெரிக்கக் கணக்கில் 126 என்ற வரம்பு, தண்ணீரில் இறங்கும் ஆயிரம் பேரில் சுமார் 36 பேருக்கு வயிற்றுக் கோளாறு வரலாம் என்ற மதிப்பீட்டை ஒட்டி வைத்தது. அதே ஆவணத்தில் ஆயிரத்துக்கு 32 பேர் என்று இறுக்கிப் பிடித்தால் வரம்பு 100. பூஜ்யம் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவர்கள் அதிகம் விழுங்குகிறார்கள். நீச்சல் குளத்தில் நடந்த ஓர் ஆய்வில், முக்கால் மணி நேரத்தில் சிறுவர்கள் சராசரியாக 37 மில்லி தண்ணீரும் பெரியவர்கள் 16 மில்லியும் விழுங்கியது தெரிந்தது.

இப்போது தேதிக்கு வருவோம். வழக்கமான சோதனையில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எண்ண முடியும், அதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். ஆக, எவ்வளவு வேகமாகச் செய்தாலும் இன்று காலை உங்கள் கைக்கு வருவது நேற்றுக் காலைத் தண்ணீரின் முடிவு. மரபணுவை நேரடியாக எண்ணும் சோதனை சில மணி நேரத்தில் முடியும், ஆனால் கருவியும் பயிற்சியும் வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் தாளில் இருக்கும் 90 மூன்று நாளுக்கு முந்தைய தண்ணீரைப் பற்றியது. அதற்குப் பிறகு மழை இல்லை, வெயில் அடித்தது, ஓடைகளில் புது வரத்து இல்லை என்றால் அது ஓரளவு இன்றைக்கும் பொருந்தும். நடுவில் ஒரு நல்ல மழை பெய்திருந்தால் அந்தத் தாளை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் நீச்சல் குழு ஒரு மாதத்தில் ஐந்து மாதிரிகள் எடுத்தது. 40, 60, 80, 50, 2000. "சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. 2000 வந்த பிறகும் எப்படி வரம்புக்குள்?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு நன்றி, நிறையப் பேர் தடுமாறும் இடம் இது.

சாதாரணமாகக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 446 வரும். ஆனால் கிருமி எண்ணிக்கைக்கு அந்தச் சராசரியைப் பயன்படுத்துவதில்லை, பெருக்கல் சராசரிதான். ஐந்து எண்களையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுக்க வேண்டும். உங்கள் எண்களுக்கு அது சுமார் 114 வருகிறது. அமெரிக்க வரம்பான 126க்குக் கீழே. கணக்கில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. கிருமி எண்ணிக்கை பத்து, நூறு, ஆயிரம் என்று தாவக்கூடியது, ஒரே ஒரு பெரிய எண் மற்ற நாட்களின் நிலைமையை மறைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த முறை.

ஆனால் உங்களுக்குப் பதில் சொன்னவர் விதியின் ஒரு பாதியை மட்டும் படித்திருக்கிறார். மேலே சொன்ன 410 நினைவிருக்கிறதா? அதைத் தாண்டும் மாதிரிகள் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களிடம் ஐந்தில் ஒன்று தாண்டியிருக்கிறது, இருபது சதவீதம். அந்த விதிப்படி இது தேறவில்லை. சராசரி ஒரு மாதத்தின் போக்கைச் சொல்கிறது, அந்த 2000 ஒரு குறிப்பிட்ட நாளில் தண்ணீரில் இருந்த குழந்தையைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் வேண்டும் என்பதால்தான் இரண்டு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அதனால் இப்போது கேட்க வேண்டிய கேள்வி, 2000 வந்த அன்று என்ன நடந்தது? முந்தைய நாள் மழையா, மேலே எங்காவது கழிவுக் குழாய் உடைந்ததா, கரையில் பறவைக் கூட்டம் இறங்கியிருந்ததா, மாதிரி எடுத்தவர் கால் பட்டு அடி மண் கலங்கியதா? உடனே மறு மாதிரி எடுத்திருக்க வேண்டும். எடுத்தார்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருப்பது?

பொதுவாகச் சொல்வது 48 முதல் 72 மணி நேரம். ஓடை வந்து சேரும் வாய், குறுகலான ஒதுங்கிய மூலை என்றால் இன்னும் கூட.

நிலத்தில் கிடக்கும் சாணம், மலம், நிரம்பிய கழிவுத் தொட்டிகளின் கசிவு என்று எல்லாவற்றையும் முதல் மழை ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு வருகிறது. ஓடையடி மண்ணில் தங்கிக்கிடந்த பாக்டீரியாவும் கிளம்பி வருகிறது. பிறகு வெயிலின் புறஊதாக் கதிர் பட்டு மெல்ல மெல்லக் குறையும், ஆனால் தண்ணீர் கலங்கிக் கிடந்தால் கதிர் உள்ளே இறங்காது.

1998 ஜூனில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற செயற்கை ஏரியில் நீச்சலும் சேர்ந்த டிரையத்லான் போட்டி நடந்தது. அதற்கு முன் நல்ல மழை. போட்டிக்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வீரர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள், விசாரித்ததில் எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். ஏரித் தண்ணீரை விழுங்கியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. விலங்குகளின் சிறுநீரிலிருந்து வரும் இந்தக் கிருமியை ஈ.கோலை எண் நேரடியாகக் காட்டிக்கொடுக்காது. போட்டி நடத்துகிறவர்கள் தேதியை மாற்ற மனமில்லாமல் பழைய சோதனை முடிவைக் காட்டும்போது, தயவுசெய்து மழையைப் பற்றிக் கேளுங்கள்.

மழை அளவு, காற்று, கலங்கல் மூன்றையும் வைத்து அன்றன்றைக்கே எண்ணிக்கையைக் கணித்துச் சொல்லும் முறையும் இருக்கிறது, வட அமெரிக்காவின் ஈரி ஏரிக் கரைகளில் சிலவற்றில் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு அந்த இடத்தின் பல பருவப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியது போல இருந்தது. மதியம் போனால் காணோம். எங்கள் நாய் அந்தத் தண்ணீரில் விளையாடும். ஆபத்தா?

ஆபத்து. நாயை இப்போதைக்கு அந்தப் பக்கம் விடாதீர்கள், இந்த ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். தண்ணீர் பட்டுவிட்டால் அது உடம்பை நக்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உரோமத்தில் ஒட்டிய பாசியை நக்கியே நாய்கள் செத்திருக்கின்றன.

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்று சொன்னாலும் அது சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகை. பாஸ்பரஸ் சத்து சேர்ந்து, தண்ணீர் சூடாகி, அசையாமல் கிடந்தால் பெருகும். நீர்த்தேக்கத்தில் கோடையில் இது மூன்றும் கூடி வரும். இதன் சில வகைகளின் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, அதனால் காற்றில்லாத இரவில் மேலே மிதந்து வந்து காலையில் படலமாகத் தெரியும். பிறகு காற்று அடித்தால் கலைந்துவிடும், அல்லது எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிடும். மதியம் காணோம் என்றால் போய்விட்டது என்று பொருளில்லை, இடம் மாறியிருக்கலாம். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கக் கரையைப் போய்ப் பாருங்கள்.

இவற்றில் சில நஞ்சு உண்டாக்கும். மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும், அனாடாக்சின் நரம்பை. எல்லாப் படலத்திலும் நஞ்சு இருக்காது, ஆனால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மைக்ரோசிஸ்டினுக்கு அமெரிக்க முகமை 2019இல் நீச்சலுக்குச் சொன்ன அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியில் 24. குழந்தை எவ்வளவு விழுங்கும், எவ்வளவு கூடுதல் பாதுகாப்பு வைப்பது என்ற அனுமானங்கள் வேறு என்பதால் இந்த வித்தியாசம்.

வெறும் கண்ணால் ஒரு முதல் கட்டச் சோதனை செய்யலாம். நீளமான குச்சியை விட்டு எடுங்கள். நீள நீளமான இழைகளாகத் தொங்கினால் அது சாதாரணப் பச்சைப் பாசி. குச்சி முழுக்கச் சாயம் பூசியது போல வந்தால் சந்தேகப்படுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு பிடித்து, மூடி, ஓர் இரவு ஆட்டாமல் குளிரில் வைத்தும் பார்க்கலாம். அடியில் தங்கினால் பெரும்பாலும் வேறு பாசி, மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சையாக இருக்கலாம். ஆனால் இரண்டுமே நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது, அதற்கு லேப்தான்.

கொதிக்கவைத்தால் போய்விடாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போகாது, மைக்ரோசிஸ்டின் கொதிநிலையைத் தாங்கும். மருந்தடித்துப் பாசியைக் கொன்றால் செல் உடைந்து உள்ளே இருந்த நஞ்சு முழுதும் தண்ணீரில் கலக்கும். பச்சை மறைந்த அன்றே கரையைத் திறந்துவிடுகிற அவசரத்தை நான் பல இடங்களில் பார்க்கிறேன், தவறு அது. நஞ்சின் அளவைச் சோதித்து, குறைந்திருப்பது உறுதியான பிறகுதான் திறக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் கயாக் ஓட்டுவதோடு சரி, இறங்குவதில்லை. எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

குறைவாகப் பொருந்தும். தண்ணீர் தெறிப்பதும், எப்போதாவது கவிழ்வதும்தான் உங்கள் தொடர்பு. கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், திறந்த புண்ணை மூடிக்கொள்ளுங்கள். பச்சைப் படலத்தின் நடுவில் மட்டும் ஓட்ட வேண்டாம், தெறிக்கும் துளியும் மூச்சில் போகும்.

கேள்வி: மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே, அதைச் சோதித்துச் சொல்ல மாட்டார்களா?

வழக்கமாகச் சோதிப்பதில்லை. நெக்லீரியா ஃபௌலேரி வெதுவெதுப்பான நன்னீரிலும் அடி மண்ணிலும் இயல்பாகவே வாழ்வது. இருக்கிறது என்று தெரிந்தாலும் யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. தொற்று மிக மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் போகிறது. குடிப்பதால் வராது, மூக்கு வழியாகத்தான் ஏறும். அதனால் கடும் கோடையில் மட்டம் இறங்கி, தண்ணீர் சூடாகக் கிடக்கும் நாட்களில் தலைகீழாகக் குதிப்பது, முங்குவது, அடி மண்ணைக் கிளறுவது மூன்றையும் தவிருங்கள், மூக்கு கிளிப் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அதில் 150 காட்டினால் குளிக்கலாம்தானே?

அது கரைந்த உப்பின் அளவு. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: நாங்கள் சில பேர் சேர்ந்து நாங்களே மாதிரி எடுத்து லேப்புக்கு அனுப்ப நினைக்கிறோம். எப்படி எடுப்பது?

அனுப்பப்போகும் லேப்பிடம் முதலில் பேசுங்கள், கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே கொடுப்பார்கள். மாதிரி எடுப்பதில் சொதப்பினால் பிறகு எவ்வளவு நல்ல லேப்பாக இருந்தாலும் பயனில்லை, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மக்கள் உண்மையிலேயே இறங்கும் இடத்தில் எடுங்கள். அணைச் சுவர் ஓரம் வசதியாக இருக்கிறது என்று அங்கே எடுத்தால், ஓடை வாய்க்குப் பக்கத்தில் குளிக்கும் குழந்தைக்கு அந்த முடிவால் என்ன பயன்? குளிக்கும் இடத்தில் ஒன்று, வரத்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, குறைந்தது இரண்டு மாதிரி இருக்க வேண்டும். நீர்த்தேக்கத்தில் மட்டம் ஏறி இறங்கும்போது கரையே நகர்ந்துவிடும், போன மாதம் இடுப்பளவு இருந்த இடம் இந்த மாதம் காய்ந்த சேறாக இருக்கும். எனவே இடத்தைக் குறிக்கும்போது அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

முழங்காலுக்கு மேல் ஆழம் வரும் வரை மெதுவாக நடந்து போய், காலடி மண் அடங்கும் வரை அசையாமல் நில்லுங்கள். ஓட்டம் இருந்தால் அது வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். மூடியை அப்போதுதான் திறக்க வேண்டும், உள்பக்கத்தில் விரல் படக் கூடாது, பாட்டிலை அலசவும் கூடாது. வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி, உங்களை விட்டு விலகும் திசையில் முன்னோக்கித் தள்ளி நிரப்புங்கள். மேல்படலம் உள்ளே வராமல் இருக்கத்தான் இந்தச் சுற்று வேலை. கொஞ்சம் காலியிடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வெளிச்சம் படாமல் வையுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், உறையக் கூடாது, ஆறு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர வேண்டும்.

எப்போதும் ஒரே நேரத்தில் எடுங்கள், முடிந்தால் காலையில். வெயில் ஏற ஏற எண்ணிக்கை இறங்கும் என்பதால், ஒரு வாரம் காலையும் அடுத்த வாரம் மதியமும் எடுத்துவிட்டுத் தண்ணீர் சுத்தமாகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வப்போது ஒரே இடத்தில் இரண்டு பாட்டில் எடுங்கள். கிருமி நீக்கிய தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் கூடவே கொண்டுபோய்த் திரும்பக் கொடுங்கள், அதில் ஈ.கோலை வந்தால் கோளாறு உங்கள் கையிலோ பெட்டியிலோ இருக்கிறது.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். நேரம், கடந்த 48 மணி நேர மழை, காற்றின் திசை, கரையில் எத்தனை பறவை, தண்ணீரில் எத்தனை பேர், படலம் அல்லது வாடை. ஒரு பருவம் முழுக்க இப்படி எழுதிவைத்துவிட்டால், எந்த ஓடை எவ்வளவு மழைக்கு என்ன கொண்டுவருகிறது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும், அடுத்த முறை முடிவு வரும் வரை காத்திருக்காமலே முடிவெடுக்கலாம்.

கேள்வி: குளித்து வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். தண்ணீராலா?

இருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும், எலிக்காய்ச்சல் 2 முதல் 30 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். நீர்த்தேக்கத்தில் இறங்கினேன், இந்தத் தேதியில், தண்ணீர் விழுங்கினேன், காலில் புண் இருந்தது என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அதன் பிறகு நீர்த்தேக்க நிர்வாகத்துக்கும் பொது சுகாதார அலுவலகத்துக்கும் தகவல் கொடுங்கள், கூடக் குளித்தவர்களிடமும் விசாரியுங்கள்.